பெயரைத் தேடினால் உங்கள் தளம் வருகிறதா? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

"உங்கள் தளத்தின் முகவரியை அனுப்புகிறீர்களா? பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை" என்று ஒரு கிளையண்ட் கேட்டபோது என் தளத்துக்கு எட்டு மாத வயது. அந்த எட்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. முகப்புப் பக்கத்தின் முதல் வரியை மாற்றி மாற்றி எழுதினேன். எழுத்துரு மாற்றினேன், படம் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், தளம் கட்ட நான் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் என் பெயருக்குத் தளம் வர ஆரம்பித்தது.

எழுதுகிறவர்களுக்கு எதற்கும் முதலில் வார்த்தையில்தான் கை போகும். தேடுபொறியால் பக்கத்துக்குள் நுழைய முடிகிறதா, நுழைந்தால் படிக்க எழுத்து இருக்கிறதா, அது யாருடைய எழுத்து என்று தெரிகிறதா? இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். முதல் மூன்றை ஒரே உட்காரலில் தொடங்கிவிடலாம்.

1. தளம் கூகுளில் இருக்கிறதா என்று பாருங்கள்

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, ஒட்டினாற்போல ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, எழுதுங்கள். கூகுளிடம் இருக்கும் உங்கள் பக்கங்கள் பட்டியலாக வரும். எல்லாப் பக்கமும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுகூட வரவில்லை என்றால் எங்கேயோ அடைப்பு இருக்கலாம்.

அடைப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும். வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் 'வாசிப்பு' பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. தளம் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக்கூடாது என்று அதை டிக் செய்வார்கள், திறக்கும் நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். என் கதை இதுதான். இரண்டாவது, எஸ்இஓ பிளக்இன் (தேடலில் தளம் தெரிய உதவும் துணை மென்பொருள்) ஏதாவது ஒரு பக்கத்துக்கு மட்டும் நோஇண்டெக்ஸ், அதாவது தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு, போட்டு வைத்திருக்கலாம். மூன்றாவது ரோபோட்ஸ் கோப்பு. இதில் எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லியிருக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைக்க வேண்டும் என்று ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்து, பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் போடுவார்கள். ரோபோட்ஸ் தடுத்துவிட்டால் கூகுள் பக்கத்தைத் திறக்கவே திறக்காது, உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால் முகவரி மட்டும் மொட்டையாகத் தேடலில் வந்து நிற்கும். மறைக்க நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

டொமைன் முதலில். அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைனை வாங்கிவிடுவது ரொம்பச் சாதாரணம். உறவு நன்றாக இருக்கும்வரை தெரியாது. இன்றே அவரிடம் கேட்டு உங்கள் கணக்குக்கு மாற்றி வாங்குங்கள். புதிதாகப் பதிவு செய்த டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதற்குப் பொதுவாக 60 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பதிவு செய்ததும் மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். டாட் காம் போன்ற பொது டொமைன்களில் அதை 15 நாளுக்குள் செய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படும். விளம்பரக் கடிதம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு கட்ட வேண்டியவை டொமைனும், தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கான ஹோஸ்டிங்கும்தான். முதல் ஆண்டு தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலை என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள், அட்டை காலாவதியானால் அதுவும் வேலை செய்யாது. பூட்டுக் குறி வருவதற்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். இனி சொல்லப்போகும் கூகுள் கருவிகள் எல்லாமே இலவசம்.

அடுத்தது அனுமதிக் கடிதம். கிளையண்டுக்கு எழுதிக் கொடுத்ததை உங்கள் தளத்தில் மாதிரியாக வைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தாலோ வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். "இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்தியையும் மூலத்துக்கான இணைப்பையும் என் தளத்தில் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டு, வந்த பதிலைத் தனிக் கோப்புறையில் சேமியுங்கள். இனி போடும் ஒப்பந்தங்களில் இதை ஒரு வரியாகவே சேர்த்துவிடலாம்.

3. சர்ச் கன்சோலில் பதிவு செய்யுங்கள்

கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதற்குள் போனதும் டொமைன் முழுவதுமா, ஒரு குறிப்பிட்ட முகவரி மட்டுமா என்று கேட்கும். டொமைன் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ மூன்று போட்டது, போடாதது என்று எல்லா வடிவமும் அதில் அடங்கிவிடும். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் அமைப்புகளில்) சேர்க்கச் சொல்லி ஒரு டெக்ஸ்ட் வரி கொடுப்பார்கள். டொமைன் வாங்கிய இடத்தில் உள்நுழைந்து அதை ஒட்ட வேண்டும். சில நிமிடத்திலும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். உறுதியானதும் அந்த வரியை அழித்துவிடாதீர்கள். கூகுள் அவ்வப்போது வந்து மறுபடி பார்க்கும், காணவில்லை என்றால் உங்கள் உரிமை போய்விடும்.

அப்புறம் சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானாகவே ஒரு சைட்மேப் செய்து வைத்திருக்கிறது. எஸ்இஓ பிளக்இன் போட்டிருந்தால் அது தனக்கென்று ஒன்று செய்யும். ஏதாவது ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

முகப்பு, 'என்னைப் பற்றி', சேவைப் பக்கம் ஆகியவற்றை மேலே உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, எடுத்துக்கொள்ளும்படி கோரிக்கை வையுங்கள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு. ஒரே பக்கத்துக்கு ஐந்து முறை கேட்பதால் வேகம் கூடாது. நான் தினமும் காலையில் அழுத்திப் பார்த்தவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

சில பக்கங்களுக்கு 'பார்த்தோம், இப்போதைக்கு எடுக்கவில்லை' என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். குறிச்சொல் பட்டியல், மாதவாரித் தொகுப்பு போன்ற பக்கங்களுக்கு அது வந்தால் விட்டுவிடுங்கள். சேவைப் பக்கத்துக்கு வந்தால், அதில் படிக்கப் போதுமான விஷயம் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

பிங் தேடுபொறிக்கும் இதேபோன்ற கருவி இருக்கிறது. சர்ச் கன்சோல் கணக்கிலிருந்தே விவரங்களை இழுத்துக்கொள்ளும், ஐந்து நிமிட வேலை.

4. எந்தச் சொல்லுக்கு வர வேண்டும்?

நம்மைத் தேடுகிறவர்கள் இரண்டு வகை. பெயர் தெரிந்து, ஆள் எப்படி என்று பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. பெயர் தெரியாமல், இன்ன வேலைக்கு ஒருவர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை முதலில் கவனியுங்கள். போட்டி குறைவு, பலன் சீக்கிரம்.

உங்கள் பெயரில் ஒரு நடிகரோ கிரிக்கெட் வீரரோ இருந்தால் பெயருக்கு மட்டும் முதலிடம் கிடைக்கப் போவதில்லை. தலைப்பெழுத்தையோ துறையையோ சேர்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்து, தளம், லிங்க்ட்இன், கட்டுரைகளுக்குக் கீழே வரும் எழுத்தாளர் குறிப்பு என்று எல்லா இடத்திலும் அதே வடிவத்தை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒன்றாகவே இருக்கட்டும். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் சாத்தியம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாம் வகைக்கு, 'எழுத்தாளர்' என்ற ஒற்றைச் சொல்லை விரட்டிப் பயனில்லை. 'மருத்துவக் கட்டுரை மொழிபெயர்ப்பு', 'மென்பொருள் பயனர் கையேடு எழுதுபவர்' என்று குறுகலான தொடர்களை எடுங்கள். தேடல் பெட்டியில் பாதி அடித்து நிறுத்தினால் கூகுள் நிரப்பிக் காட்டும் வரிகளைக் கவனியுங்கள். பழைய கிளையண்டுகள் முதல் மின்னஞ்சலில் என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று தோண்டிப் பாருங்கள். எனக்கு அதில் கிடைத்த அளவுக்கு எந்தக் கருவியிலும் கிடைக்கவில்லை. நான் 'உள்ளடக்க உருவாக்கம்' என்று எழுதி வைத்திருந்தேன், கேட்டவர்கள் எல்லோரும் 'வெப்சைட்டுக்கு எழுதித் தருவீர்களா' என்றே கேட்டிருந்தார்கள்.

5. பக்கங்களைப் பிரித்து எழுதுங்கள்

எல்லாச் சேவையையும் ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டால் அந்தப் பக்கம் எதற்கும் வராது. ஒரு சேவைக்கு ஒரு பக்கம் வையுங்கள். அதில் என்ன செய்து தருவீர்கள், யாருக்கு, எத்தனை நாளாகும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், கட்டணம் சொல்லுக்கா பக்கத்துக்கா திட்டத்துக்கா, கிளையண்ட் என்னென்ன தர வேண்டும், இரண்டு மாதிரிகள், தொடர்புக்கு வழி. இவ்வளவும் இருந்தால் பக்கம் தானாகவே நிறையும். தொடரைத் திணித்துத் திணித்து எழுத வேண்டியதில்லை. ஒரே தொடரை வரிக்கு வரி அடுக்குவதைக் கூகுள் ஸ்பேம் என்றே சொல்கிறது.

டைட்டில் டேக்தான் தேடல் முடிவில் பெரிதாகத் தெரியும் வரி. என்னுடையதில் எட்டு மாதம் 'முகப்பு' என்று மட்டும் இருந்தது. அப்புறம் கொஞ்ச நாள் 'சொற்களின் வழியே ஒரு பயணம்' என்று இருந்தது. அதை எவரும் தேடப் போவதில்லை. இப்போது என் பெயர், ஒரு கோடு, அதை அடுத்து 'மருத்துவக் கட்டுரைகள், மொழிபெயர்ப்பு' என்று இருக்கிறது. அழகாக இல்லை, பார்த்தவுடன் புரிகிறது. முக்கியமான சொற்கள் முன்னால் வரட்டும். நீண்டால் போன் திரையில் வால் வெட்டப்படும்.

தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் சுருக்கமான மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் கிளிக் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும், அதனால் இரண்டு வரி எழுதுங்கள். சில சமயம் கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துப் போடும், கவலை வேண்டாம். மெட்டா கீவேர்டு என்று ஒரு பெட்டி இருந்தால் காலியாக விடுங்கள். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத் தலைப்பு தமிழில் இருந்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். கூகுளுக்கு அதைப் படிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் நகல் எடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும் ஒன்பது ஒன்பது குறிகளாக விரியும். 'கட்டுரை' என்ற ஒரே சொல் 63 குறிகள். கிளையண்ட் அதைப் பார்த்து வைரஸ் இணைப்பு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தை வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றுவது வேறு தலைவலி, ஒன்பதாவது படியில் வருகிறது.

இரண்டு மொழியில் வேலை செய்கிறவர்கள் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல், மொழிக்கு ஒரு பக்கம் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள்.

6. மாதிரிகள்: படமாக வைக்காதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். எழுத்தாளர் தளத்தில் தேடுபொறிக்குக் கொடுக்க நம்மிடம் உள்ள சரக்கே மாதிரிகள்தான்.

அச்சில் வந்ததை ஸ்கேன் செய்து படமாக மட்டும் போட்டால், நீங்கள் எழுதிய ஆயிரம் சொல்லும் தேடலுக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. படம் இருக்கட்டும், கூடவே எழுத்து வடிவத்தில் தலைப்பு, எங்கே எப்போது வந்தது, இரண்டு பத்தி, அதில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையும் கொடுங்கள்.

பிடிஎஃப் வைத்திருக்கிறீர்களா? ஒரு சோதனை. அதிலிருந்து 'தமிழ்' என்ற சொல்லை நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். 'தமிழ்' என்றே வந்தால் பிழைத்தீர்கள். ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் வடிவமைக்கப்பட்டது. கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்குப் பிதற்றல். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய மற்ற எழுத்துருக்களிலும் இதே கதைதான், பிதற்றல் மட்டும் வேறு வேறாக இருக்கும். என் பழைய கட்டுரைகள் பதினொன்று இப்படி இருந்தன. இலவச மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். ஆனால் மாற்றியதை அப்படியே ஒட்டாதீர்கள். கொம்பும் காலும் சேருமிடங்களில் தடுமாறியிருக்கும், ஒருமுறை பொறுமையாகப் படித்துத் திருத்த வேண்டும்.

வேறு தளத்தில் வந்த கட்டுரையை முழுதாக உங்கள் தளத்திலும் போட்டால் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருக்கும். கூகுள் ஒன்றைத்தான் முன்வைக்கும், பெரும்பாலும் பெரிய தளத்தையே. தண்டனை ஒன்றும் கிடையாது, பலனும் கிடையாது. சுருக்கமும் இணைப்பும் போதும். மாறாக, முதலில் உங்கள் தளத்தில் எழுதியதைப் பிறகு மீடியம் போன்ற தளத்தில் போடுவதானால், அங்கே கேனானிகல் இணைப்பாக (இதுதான் மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) உங்கள் முகவரியைக் கொடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இணைப்பை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். இதழ்கள் மூடும், தளங்கள் மாறும். கட்டுரை வெளியான அன்றே, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்துவிட்டு, உங்களிடம் ஒரு பிடிஎஃப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வேகமும் போனும்

கூகுள் பார்ப்பது தளத்தின் போன் வடிவத்தைத்தான். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போடுங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கணக்கு. எழுத்தாளர் தளத்தில் மெதுவாவதற்குக் காரணம் அநேகமாகக் கேமராவிலிருந்து நேரே ஏற்றிய உங்கள் புகைப்படம்தான். அதைச் சுருக்கி ஏற்றுங்கள். நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று உட்கார்ந்தால் வாரம் ஓடிவிடும், வேண்டாம்.

8. பிற தளங்களிலிருந்து இணைப்பு

இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. நூறு பேக்லிங்க் வாங்கித் தருகிறேன், ஒரே மாதத்தில் முதல் பக்கம் என்றார் ஒருவர். பணம் கொடுத்தேன். சர்ச் கன்சோலில் இணைப்புகள் பகுதியைத் திறந்தால் சூதாட்டத் தளங்களும், எனக்குப் படிக்கவே தெரியாத மொழிகளில் மாத்திரை விற்கும் தளங்களும் வரிசையாக நிற்கின்றன. தரவரிசை இம்மியும் நகரவில்லை. தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது, தளமே தண்டிக்கப்படலாம் என்பதையும் அதன் பிறகுதான் படித்தேன். கூகுளுக்குள் ஆள் தெரியும் என்று சொல்பவரையும் அப்படியே வாசலில் நிறுத்துங்கள். பணம் வாங்கிக்கொண்டு தேடல் முடிவில் மேலே ஏற்றும் வழக்கம் கூகுளிடம் இல்லை. விளம்பரம் வேறு, அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும்.

எழுத்தாளருக்கு நேர்வழியிலேயே இணைப்புக் கிடைக்கும். உங்கள் கட்டுரை வந்த ஒவ்வொரு தளத்திலும் எழுத்தாளர் குறிப்பு இருக்கிறதா, அதில் உங்கள் தள முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: "வணக்கம். சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையின் எழுத்தாளர் குறிப்பில் என் தள முகவரியைச் சேர்க்க முடியுமா? முகவரி கீழே." நான் ஒன்பது பேருக்கு எழுதினேன், ஆறு பேர் அன்றே சேர்த்துவிட்டார்கள்.

கூகுள் மேப்பில் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் திறக்கச் சொல்லியும் சிலர் ஆலோசனை தருவார்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில்களுக்கானது அது. முழுக்க இணையத்திலேயே வேலை செய்பவர்களுக்குத் தகுதி இல்லை. வீட்டு முகவரியைப் போட்டுத் திறந்து, பிறகு முடக்கப்படுவதைவிடத் தொடாமல் இருப்பது நல்லது.

9. முகவரியை மாற்றினால்

வேறு நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து வரும் இலவச உபடொமைனிலிருந்து சொந்த டொமைனுக்கு வந்தாலும், ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றினாலும், பழையதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் போடுங்கள், எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். குறைந்தது ஓராண்டு அதை எடுக்க வேண்டாம். இலவசத் தளங்கள் பலவற்றில் இந்த வசதிக்குக் கட்டணம் கேட்பார்கள். ஆரம்பத்திலேயே சொந்த டொமைன் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

10. எவ்வளவு நாளாகும், மாதம் எவ்வளவு வேலை?

பெயருக்கு வருவது சில நாளிலிருந்து சில வாரம். சேவைத் தொடருக்கு வருவது சில மாதம், போட்டி உள்ள துறையில் அதற்கும் மேல். ஒரு மாற்றம் செய்துவிட்டு மறுநாள் காலை பார்த்துப் பயனில்லை. சர்ச் கன்சோலில் எண்கள் வந்து சேரவே ஓரிரண்டு நாளாகும். அதில் 16 மாதத்துக்கான விவரம்தான் இருக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு அரைமணி நேரம் போதும். நான் ஒன்றாம் தேதி உட்கார்வேன். எந்தப் பக்கமாவது கூகுளிலிருந்து புதிதாக விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் எந்தத் தேடலுக்கு அதிகம் காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யவில்லை என்று பார்ப்பேன். சமீபத்தில் 'மருந்துச் சீட்டு விளக்கம் மொழிபெயர்ப்பு' என்ற தேடலுக்கு என் பக்கம் 40 முறை காட்டப்பட்டிருந்தது, கிளிக் பூஜ்யம். டைட்டிலில் 'மருத்துவ மொழிபெயர்ப்பு' என்று மட்டும் இருந்தது. 'மருந்து விளக்கத் தாள்' என்பதையும் சேர்த்தேன். அடுத்த மாதம் மூன்று கிளிக். அதில் ஒருவர் அன்று மாலையே இருபது பக்கத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டு எழுதியிருந்தார்.